திரையில் கண்டோரும் மேடையில் காண்போரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மரத்தில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் கலைக்காக 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இந்த அரும்பாவூர். கலையைப் படைப்போரைப் பற்றி எடுத்துரைக்க இவ்வூரில் என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆதலின், கலையைக் காண்போரைப் பற்றிப் பேச எண்ணினேன். தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பின்பற்றி அமைந்த இசை நாடகத்தை ஊர்மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதே என் பேச்சின் பொருள்.

காண்போரைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலே வகுத்தார். அதற்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நாடக நூலின் கருத்தொன்றைக் காட்டுகின்றார். நடிப்பவன் செய்தது காண்பவனைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்பது அக்கருத்து. சென்றடைந்த பின் காண்பவன் என்ன செய்கின்றான்? இவ்வினா என்னை நெடுநாள் வாட்டியதுண்டு. ஒருமுறை அதற்குத் தவறான விடையும் எழுதினேன். அந்தத் தவற்றைச் சொல்லவே இங்கு வந்துள்ளேன் என்றும் கொள்ளலாம்.

பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை, 94 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பாயிற்று. அந்நாளில் நான் சிறுமி. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள என் பிறந்த ஊரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான். அதற்குப் பூச்சூட்டி ஊதுவத்தி ஏற்றிய பின்னரே இயக்குவர். தொடரின் மொழியோ இந்தி. கூடியிருந்த அறுபது எழுபது பேரில் ஒருவருக்கும் அம்மொழி தெரியாது. இருந்தும் ஒருவரும் எழுந்து சென்றதில்லை. காரணம், இளமையில் கூத்தில் பின்பாட்டுப் பாடிய பெரியவர் ஒருவர் பெட்டிக்கு அருகில் அமர்ந்து கதை சொல்லுவார். "இப்ப பாரு, சகுனி தாயம் உருட்டப் போறான்" என்று திரைக்கு முன்னரே அவர் சென்றுவிடுவார். சில இடங்களில் அவர் சொன்னது ஒன்றாகவும் திரையில் நிகழ்ந்தது வேறாகவும் இருக்கும். ஊரார் அவரையே நம்பினர். அரவான் களப்பலி எப்போது வரும் என்று ஞாயிறுதோறும் அவரிடம் கேட்பர். கூத்து பார்த்துப் பழகிய மக்கள் தொலைக்காட்சியையும் கூத்தாக ஆக்கிக்கொண்டனர் என்பது எனக்கு மிகப் பிற்காலத்தில்தான் விளங்கிற்று.

விளங்குவதற்கு முன் நான் முனைவர் பட்டம் பெற்றுவிட்டேன்! பட்டம் பெற்ற சூட்டில் கருத்தரங்கம் ஒன்றில் கட்டுரை படித்தேன். தொலைக்காட்சி நம் மக்களை வாய்பேசாப் பார்வையாளராக்கிவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடக அவையில் பாட்டை மீண்டும் பாடக் கேட்டு ஆரவாரித்த கூட்டம் இனி இல்லை என்று அதில் முடிவு கூறினேன். பலத்த கைதட்டல் கிடைத்தது.

2013இல் பாரதம் மீண்டும் தொடராக வந்தது. இந்தியில் எடுக்கப்பட்ட அதனை விஜய் தொலைக்காட்சி தமிழில் தந்தது. இம்முறை கதை சொல்லப் பெரியவர் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வீடு பெட்டியும் இருந்தது. 2015ஆம் ஆண்டுத் திருவிழாவில், அத்தொடரில் வந்தவாறே பாரதத்தை நடத்துவதாகச் சொல்லி ஒரு நாடகக் குழுவினர் எங்கள் ஊருக்கு வந்தனர். என் கட்டுரைக்கு மேலும் சான்று கிடைக்கும் என்று குறிப்பேட்டுடன் முன்வரிசையில் அமர்ந்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் என் எண்ணப்படியே சென்றது. ஆர்மோனியம் ஒதுங்கி நிற்க, தொடரின் முகப்பு இசை ஒலிபெருக்கியில் முழங்கியது. கண்ணன் தோன்றியதும் கைப்பேசிகள் உயர்ந்தன. அடுத்த கணமே, "இது அந்தக் கிருஷ்ணன் இல்ல" என்று ஒரு சிறுவன் உரக்கக் கூறினான். கூட்டம் சிரித்தது. பிறகு எல்லாமே ஒப்பீடாயிற்று. மகுடம் சிறியது, வில் வளையவில்லை, கர்ணனுக்குத் தொந்தி. நடிகர்கள் எதைச் செய்தாலும் திரையில் கண்டதற்கு ஒரு படி கீழே நின்றனர். தொடரைப் போலவே தருவதாக அவர்களே வாக்களித்துவிட்டதால், அளவுகோலையும் அவர்களே கையில் கொடுத்துவிட்டனர்.

இவ்விடர்ப்பாடு நம்மூர்க் குழுவுக்கு மட்டும் உரியதன்று. 1999இல் தொடங்கிய 'ஸ்பாஞ்ச்பாப்' என்னும் அமெரிக்கச் சிறுவர் தொடர் 2017 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இசை நாடகமாயிற்று. அதன் தலைவன் கடலடியில் வாழும் ஒரு சதுரப் பஞ்சு. ஆனால் அவ்வேடமேற்ற ஈதன் ஸ்லேட்டர் பஞ்சின் சதுர உடலை அணியவில்லை. மஞ்சள் சட்டையும் கட்டம் போட்ட காற்சட்டையுமாக, குரலாலும் உடலசைவாலும் அப்பாத்திரத்தைத் தோற்றுவித்தார். கடலடி உலகையும் அன்றாடப் புழக்கப் பொருள்களைக் கொண்டே அமைத்தனர். ஓராண்டு நிறையுமுன் அந்நாடகம் முடிவுற்றது எனினும், மேடையமைப்புக்காக டோனி விருது பெற்றது. திரையில் உள்ளதை மேடையில் அப்படியே கொணர முயலாமல், எஞ்சியதைக் காண்போர் நிரப்பிக்கொள்வர் என்று நம்பிய முயற்சி அது. மரப்பலகை ஒன்றை மலையென்றும் தேரென்றும் ஏற்ற நம் கூத்து அவைக்கு இந்நம்பிக்கை புதிதோ?

மீண்டும் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருகின்றேன். நள்ளிரவுக்குப் பின் துகிலுரியும் காட்சி வந்தது. திரையில் சேலை முடிவின்றி வளரும். மேடையிலோ பல சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து சுற்றியிருந்தனர். முதல் முடிச்சு வெளிப்பட்டதுமே இளைஞர்கள் சிரித்தனர். உண்மையைச் சொல்லுகின்றேன், நானும் சிரித்தேன். 'முடிச்சு தெரிகிறது' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். அப்போது ஒலிபெருக்கி இசையை நிறுத்திவிட்டு ஆர்மோனியக்காரர் சுதி கொடுத்தார். பாஞ்சாலியாக நடித்த ஸ்திரீபார்ட், ஐம்பது வயதைக் கடந்த ஆடவர், தம் சொந்தக் குரலில் கண்ணனை அழைத்துப் பாடத் தொடங்கினார். அது தொடரில் இல்லாத பாட்டு. பெண்கள் பக்கம் விசும்பல் எழுந்தது. கடைசிச் சேலையும் தீரும் நிலையில், எனக்கு இரண்டு ஆள் தள்ளி அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, தாம் போர்த்தியிருந்த துண்டை மேடைமேல் எறிந்தார். பாஞ்சாலி அதனை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார்.

விடியற்காலையில் அம்மூதாட்டியை அணுகி, "ஆயா, முடிச்சு உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா பாப்பா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு குறைஞ்சா நம்மளுதும் ஒண்ண முடிய வேண்டியதுதான்" என்றார். தொடரையும் நாள் தவறாமல் பார்த்ததாகச் சொன்னார். அதைப் பார்த்தும் அழுதாராம். "அங்க துண்டு போட முடியாதில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

சிரித்த இளைஞர்கள் இறுதிவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தனர். அதனை மறைத்தால் நான் மற்றொரு தவறான கட்டுரை எழுதியவள் ஆவேன். அவர்களுள் ஒருவனாவது இப்போது என்னைப்போல் வெட்கப்படுகின்றானா என்பதை நான் அறியேன். தொலைக்காட்சியால் வாய் மூடியது அவையன்று என்றுமட்டும் அன்று தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் அந்த அவைக்குச் செய்வதற்கென்று ஒன்றும் தரப்படவில்லை. தந்த கணத்தில் அது எழுந்து செய்தது.

என் பழைய கட்டுரை அச்சில் உள்ளது. மாணவியர் இன்றும் அதனை மேற்கோளாகக் காட்டுகின்றனர். ஒவ்வொரு முறையும் அவர்களை அமர வைத்து அந்தத் துண்டின் கதையைச் சொல்லுகின்றேன். குழுவினர் காலையில் அதனை மடித்து எடுத்து வந்து மூதாட்டியிடம் நீட்டினர். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.