கூலியாக வந்த பருப்பு

கேரளத்தில் அட்டப்பாடித் துவரை கொஞ்சம் போக, நம் சாம்பாருக்கான பருப்பு பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வருவதுதான். துவரம்பருப்பிலும் கடலை மாவிலும் கலப்படமாகச் சேரக்கூடியது கேசரிப் பருப்பு. இன்று அதைப் பற்றியும், அது நம் மூளையில் செய்யும் வேலையைப் பற்றியும் பேசுகிறேன்.

வறட்சியிலும் விளைகிற பயிர் இது. மத்தியப் பிரதேசத்து ரீவா பகுதியில் கொத்தடிமைகளுக்குக் கூலியாகவே இதை அளந்து கொடுத்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் இதையே தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்துப்போயின. அதிலும் இளவயது ஆண்களே அதிகம். கோல் ஊன்றி நுனிக்காலில் நடந்தார்கள். போன கால் திரும்பவேயில்லை. இந்த நோய்க்கு லத்திரிசம் என்று பெயர்.

1964இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகிய மூவர் இந்தப் பருப்பிலிருந்து நோய்க்குக் காரணமான நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அது ஓர் அமினோ அமிலம். சுருக்கப் பெயர் ஓடாப். நம் மூளையில் இயல்பாகவே உள்ள குளூட்டமேட்டின் சாயல் கொண்டது. ஆபத்து அந்தச் சாயலில்தான் இருக்கிறது.

குளூட்டமேட் ஒரு நரம்புச் செல்லைத் தொட்டதும் செல்லுக்குள் சோடியம் பாய்கிறது, மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் நுழைகிறது. உடனே அந்தச் செல் தன்னிடமுள்ள வேதித்தூதை அடுத்த செல்லுக்கு விடுகிறது. 1987இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சுண்டெலியின் மூளைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, காபா என்ற வேதித்தூதில் கதிரியக்க அடையாளமிட்டு உள்ளே ஏற்றினார்கள். பிறகு குளூட்டமேட்டைச் சேர்த்ததும் செல்கள் காபாவை வெளிவிட்டன. நாம் நினைப்பதும் நடப்பதும் இத்தகைய தூண்டலால்தான். ஆனால் அது மதகை மூடாமல் விட்ட வாய்க்கால்போல ஓடிக்கொண்டே இருந்தால், கால்சியம் பெருகிச் செல்லையே அழித்துவிடும்.

ஓடாப் அப்படித்தான் செல்லை அளவுமீறித் தூண்டுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவையும் அது முடக்குவதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நரம்பியல் நிறுவனத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். கால்களை ஆளும் நரம்புப் பகுதிகளில்தான் அந்தச் சேதம் தெரிந்தது.

இப்போது ரத்தன், பிரதீக், மகாதியோரா என்று நஞ்சு குறைந்த ரகங்கள் வந்துள்ளன. நல்ல முயற்சிதான். ஆனாலும் ரீவாவின் துயரத்துக்குப் பருப்பைவிட அந்தக் கூலிமுறையே பெரிய காரணம் என்பேன்.

தெரியாமல் ஒருவேளை சாம்பாரில் கலந்துவிட்டால் பயப்பட வேண்டாம். அதனால் கால் போய்விடாது. துவரம்பருப்பு உருண்டையாக இருக்கும், கேசரி ஆப்புப்போல ஒரு பக்கம் சரிந்திருக்கும். வாங்கும்போது ஒரு கை அள்ளிப் பாருங்கள். கோணல் பருப்பு தென்பட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள்.