கசடுக்குள் இருக்கும் துத்தநாகம்



ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் நம் பெற்றோர் இருள் விலகுமுன் மரம் வெட்டிச் சேர்த்த பால், தொழிற்சாலைக்குப் போய் என்னவாகிறது தெரியுமா? இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், ரப்பர்ப் பாலைக் கையுறையாக்கும் தொழில் நம் நாட்டில் பெரிது. பால் உறுதியான ரப்பராக வேண்டுமானால் அதில் கந்தகம் சேர்க்க வேண்டும். அதற்குத் துணையாகத் துத்தநாக ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூளும் வேண்டும். லயத்துத் தகரக் கூரையைத் துரு அண்டாமல் காக்கும் பூச்சும் இதே துத்தநாகந்தான்.

தொட்டிகளைக் கழுவும் நீரில் இந்தத் தூள் ஓரளவு போய்விடுகிறது. அது ஆற்றில் மிகுந்தால் மீன்கள் சாகும். ஆகவே, 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளியேறும் ஆலை நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கக்கூடாது. நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் துத்தநாகம் கசடாக அடியில் தங்கும்.

அந்தக் கசடை என்ன செய்வது? நெகிரி செம்பிலான் புக்கிட் நானாசில், அபாயக் கழிவுகளைப் பக்குவப்படுத்திப் புதைக்கும் நிலையம் 1990களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. ஆனால், புதைத்த உலோகம் புதைத்ததுதான். மீட்டால் அதுவே பண்டம்.

மீட்பது இப்படி: கசடைக் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். துத்தநாகத்தோடு செம்பு, காட்மியம் போன்றவையும் கரைந்துவிடும். அதில் துத்தநாகப் பொடியைத் தூவினால், பொடி கரைந்து இடம் பிடிக்க, செம்பும் காட்மியமும் திடப்பொருளாக வெளியேறும். தெளிந்த கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் துத்தநாகம் தகடாகப் படியும். எஞ்சும் கழிவையும் பாதுகாப்பாகவே அகற்ற வேண்டும்.

நேயர்களே, இது ஆலையில், காவலோடு செய்யும் வேலை. பழைய லாரி பாட்டரியை வீட்டின் பின்புறம் உடைத்து, ஈயத்தை அடுப்பில் உருக்கி விற்பது மீட்பு ஆகாது. அந்த ஈயத் தூசு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். பத்து வெள்ளிக்காகப் பிள்ளையின் படிப்பை விற்கலாமா? பாட்டரியை உடைக்காமல், உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். ஆலையிலிருந்து வரும் இரசாயன டிரம்மில் குடிநீர் பிடிக்காதீர்கள்.

2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றோரத்தில் கேட்பாரற்ற டிரம்களைக் கண்டால் அருகில் போகாமல் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கழிவில் செல்வம் உண்டு. அதை எடுக்கும் கை அறிந்த கையாக இருக்கட்டும்.