கல் போனபின் காணி யாருக்கு?

(கமக்காரரும் தொழில் வல்லுநரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையை அறியாதார் நம்மிடையே இலர். 1950 ஆம் ஆண்டில் அது உற்பத்தியைத் தொடங்கியது. நாடெங்கும் வீடுகளும் பாலங்களும் எழச் சீமெந்து தந்தது. நம்மவர் பலருக்கு வேலை தந்தது. 1990 இல் போர் அதன் இயக்கத்தை நிறுத்தியது. ஆலை ஓய்ந்தது, கல் எடுத்த குழிகளோ அப்படியே கிடக்கின்றன. ஆலையை மீண்டும் இயக்க வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகின்றது. ஆலை வேண்டுமா, வேண்டாமா என்று வாதிட நாம் இன்று கூடவில்லை. கல் எடுத்த நிலம் என்ன ஆவது? அதைத் தீர்மானிப்பவர் யார்? எப்போது தீர்மானிப்பது? இவையே நம் கேள்விகள்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் உண்டா? இல்லை. மாரி மழை செம்பாட்டு மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குகின்றது. அந்த நன்னீர், கனம் கூடிய உவர் நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓர் அடியை இழந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறும் என்பதே அதன் பொருள். நிலாவரையில் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பதை நாம் அறிவோம். கடலோரத்துக் கீரிமலையில் நன்னீர் ஊறுவதும், நிலத்தடியில் நீர் ஓடும் வழிகள் உண்டு என்பதற்குச் சான்றன்றோ?

ஆகவே சுண்ணக்கல்லில் வெட்டிய குழியை வெறும் பள்ளமென்று எண்ணலாகாது. அது நம் கிணறுகள் அனைத்துக்கும் பொதுவான நீர்நிலையின் திறந்த வாய். அதில் ஒருவன் கொட்டும் கழிவு அயலூரான் கிணற்றில் ஊறும்.

குழி கிடந்தால் குப்பை தேடிவரும். புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்திலேயே கொழும்பின் குப்பையைக் கொட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. 2018 இல் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். கல் எடுக்கத் தொடங்கிய நாளிலேயே அந்த நிலத்தின் பிற்காலம் எழுதப்பட்டிருக்குமானால், அம்மக்கள் பிந்தி நின்று போராட நேர்ந்திருக்குமா?

பசிபிக் கடலிலுள்ள நவுறு என்ற சிறு தீவைப் பாருங்கள். அதன் பரப்பு 21 சதுர கிலோமீற்றர் மட்டுமே. பிறநாட்டு வயல்களுக்குப் பசளையாக அதன் பொசுபேற்று மண் அள்ளப்பட்டது. எஞ்சியவை கூரிய கற்றூண்கள். 1968 இல் சுதந்திரம் பெற்ற அத்தீவு, 1989 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் சென்றது. 1993 இல் 10 கோடியே 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தர இணக்கம் ஏற்பட்டது. பணம் வந்தது, போன மண் வந்ததா?

முன்கூட்டியே திட்டமிடல் இயலாத காரியமன்று. ஐக்கிய அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரி அகழ்வுக்கென 1977 இல் ஒரு சட்டம் ஆக்கப்பட்டது. அனுமதி கேட்கும்போதே, பின்னர் நிலத்தை எவ்வாறு சீர்செய்வது என்ற திட்டத்தைக் கொடுக்க வேண்டும். மேல்மண்ணை வேறாக எடுத்துக் காக்க வேண்டும். ஈட்டுப் பணமும் கட்ட வேண்டும். வேலை முடிந்ததைக் கண்ட பின்னரே அப்பணம் விடுவிக்கப்படும். அங்கும் குறைகள் உண்டு. எனினும் நெறி தெளிவானது: நிலத்தைத் தோண்டுபவனே அதைத் திருத்தும் செலவையும் ஏற்க வேண்டும்.

இங்கே நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, உள்ள குழிகள் அனைத்தும் அளக்கப்படல் வேண்டும். ஆழம், நீர்மட்டம், உவர்த்தன்மை, காணியின் உரித்து ஆகியவை ஒரே பதிவில் வரவேண்டும். கையில் உறுதி இருந்தும் எல்லைக் கல் இல்லாதவனுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவது, குழிக்கேற்ற பயன் வகுக்கப்படல் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஆழமற்ற குழிகளை மண்ணிட்டுத் திருத்திப் பனையும் வேம்பும் நடலாம். நீர் தட்டிய குழிகளைக் குப்பையும் கழிவும் சேராது வரம்பிட்டு, பரிசோதனையின் பின் மழைநீரைத் தேக்கப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, எந்தக் குழியும் குப்பைக் கிடங்காகலாகாது.

நான்காவது, இனி எவர் கல் கேட்டாலும், நிலத்தின் பிற்காலத் திட்டமும் ஈட்டுப் பணமும் முன்வைத்தாலன்றி முதற்கல் பெயர்க்கப்படலாகாது. எவ்வளவு ஆழம்வரை தோண்டலாம் என்பதை நீர்மட்டமே தீர்மானிக்க வேண்டும்.

நில அளவையாளரே, பொறியியலாளரே, சட்டத்தரணிகளே! அளவும் கணக்கும் சட்டமும் உங்கள் கையில் உள்ளன. கமக்காரரே! எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கின்றது என்ற அறிவு உங்களிடம் உள்ளது. இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டுப் பிரதேச சபைக்கும் மாகாண சபைக்கும் மத்திய அரசாங்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வெட்டிய கல்லை மீண்டும் வைக்க எவராலும் இயலாது. எஞ்சிய நீரையும் மண்ணையும் காப்பது நம்மால் இயலும். அந்தப் பணியை இம்மாரி தொடங்குமுன் தொடங்குவோம்.