போனுக்குள்ளேயே பூட்டி வைக்காதீங்க

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க குழுவில் மூத்த அம்மா ஒருத்தர் இருந்தாங்க. மசாலாப் பொடிக்கு வறுக்கிற பக்குவம், அளவு எல்லாம் அவங்க கையில்தான். அவங்க சொல்லிக்கொடுத்ததை ஒரு உறுப்பினர் போனில் ரெண்டு வீடியோவா எடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினா படம் மங்கலா வருது, டேட்டாவும் தீர்ந்துடுது. அதனால அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம். கொஞ்ச நாளில் அந்த அம்மா காலமாயிட்டாங்க. அடுத்த மாசம் அந்த போன் தண்ணித் தொட்டியில் விழுந்துடுச்சு. சாம்பார் பொடி வீடியோவை மட்டும் என் கொழுந்தனார் தன் லேப்டாப்பில் ஏத்தி வச்சிருந்தார். அது தப்பிச்சது. ரசப்பொடி பக்குவம் அவங்களோடவே போயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் நான் இதைக் கத்துக்கிட்டேன். ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போடணும். லேப்டாப், ஸ்மார்ட் டிவி, மத்த போன் எல்லாத்தையும் அதிலேயே சேர்க்கணும். லேப்டாப்பில் மீடியா ஸ்ட்ரீமிங் என்பதை ஆன் செய்தால், நிறைய டிவிகளில் அந்த லேப்டாப்போட பேர் தெரியும். அதைத் தொட்டால் உள்ளே இருக்கிற வீடியோ டிவியில் ஓடும். படம் வீட்டுக்குள்ளேயே போகுது, இன்டர்நெட்டுக்குப் போறதில்லை. பெரும்பாலான போன்களில் மொபைல் டேட்டாவை அணைச்சிட்டும் ஹாட்ஸ்பாட் போடலாம். அப்ப டேட்டா செலவே ஆகாது. போனுக்குப் போன் அனுப்ப குவிக் ஷேர் இருக்கு, அதிலும் படம் மங்காது.

சாதா டிவி வச்சிருக்கவங்க கவலைப்பட வேண்டாம். யுஎஸ்பி ஓட்டை இருந்தால் பெரும்பாலும் பென்டிரைவ் போதும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஹாட்ஸ்பாட்டுக்கு பாஸ்வேர்டு கண்டிப்பா வேணும், எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. பேரு, பிறந்த தேதி வைக்காதீங்க. காட்ட வேண்டிய வீடியோவை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு அதை மட்டும் பகிருங்க. வீட்டுப் போட்டோ, பாஸ்புக் போட்டோ அதில் கலக்கக்கூடாது. வேலை முடிஞ்சதும் ஹாட்ஸ்பாட்டை அணைச்சிடுங்க.

இப்ப எங்க குழுக் கூட்டத்தில் போன் இல்லாத அக்காங்களும் டிவி முன்னாடி உட்கார்ந்து அந்த சாம்பார் பொடி வீடியோவைப் பார்க்கிறாங்க. அந்த அம்மா குரல் கேட்டதும் எல்லாரும் அமைதியாயிடுவோம்.

அதனால ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டு போட்டோ, பயிற்சி வீடியோ எல்லாத்தையும் ரெண்டு இடத்தில் வைக்கணும்னு கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.