கலெக்டர் ஏன் காத்திருந்தார்? ராஜ் ராஜ்குமாரும் செவ்வாய் வரை போன ஒரு விதியும்

இந்த எபிசோடை திருவதிகையில ஒரு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசுறேன். பண்ருட்டிக்குப் பக்கத்துல, கெடிலம் ஆத்தங்கரை ஊர். இங்கேருந்து கொஞ்ச தூரம் போனா நெய்வேலி. அங்க சுரங்கத்துல ராட்சத இயந்திரங்கள் பழுப்பு நிலக்கரியை வெட்டிப் போட, கன்வேயர் பெல்ட்கள் அதை அனல் மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும். முன்னால ஒரு பெல்ட் நின்னா, பின்னால வர்ற பெல்ட்டும் உடனே நிக்கணும். தாமதிச்சா கரி குவிஞ்சிடும். அதாவது, முடிவு சரியா இருந்தாலும் லேட்டா வந்தா அது தப்பான முடிவுதான்.

இப்படி நேரத்துக்குள்ள வேலையை முடிச்சே ஆகணும்ங்கிற கம்ப்யூட்டர்களுக்கு ரியல் டைம் சிஸ்டம்ஸ்னு பேர். அந்தத் துறையில வாழ்க்கையையே செலவழிச்ச ஒருத்தர்தான் ரகுநாதன் ராஜ்குமார். ராஜ் ராஜ்குமார்னு சொன்னாதான் எல்லாருக்கும் தெரியும். 1984-ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.இ. பட்டம். அப்புறம் அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1989-ல அங்கேயே பிஎச்.டி. பின்னால அங்கேயே பேராசிரியர்.

அவர் ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ எடுத்துக்கிட்ட சிக்கலை ஒரு ஆபீஸ் கதையா சொல்றேன்.

ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர். பதவியில பெரியவர் வந்தா சின்னவர் எழுந்து இடம் விடணும். ஒரு கிளார்க் ஒரு ரெஜிஸ்டரை வாங்கிவெச்சு பதிவு பண்ணிட்டு இருக்கார். அஞ்சு நிமிஷ வேலை. கலெக்டருக்கு அதே ரெஜிஸ்டர் வேணும். "சரி, அவர் முடிக்கட்டும்"னு காத்திருக்கார். அந்த நேரம் பார்த்து ஒரு சூப்பரின்டென்டென்ட் வந்து கிளார்க்கை எழுப்பிட்டு கம்ப்யூட்டர்ல உட்கார்றார். அவருக்கு அந்த ரெஜிஸ்டரே தேவையில்லை. அவர் போனதும் இன்னொரு சூப்பரின்டென்டென்ட். கிளார்க்கால வேலையை முடிக்க முடியல, ரெஜிஸ்டரையும் விட முடியல. கடைசியில, கலெக்டர் தனக்குக் கீழ இருக்கறவங்களுக்காகக் காத்துக் கிடக்கார்!

இதுக்குப் பேர் ப்ரையாரிட்டி இன்வெர்ஷன். முன்னுரிமை தலைகீழா மாறிடுது. இது முன்னாடியே தெரிஞ்ச சிக்கல்தான். லூயி ஷா, ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூணு பேரும் 1990-ல வெளியிட்ட கட்டுரை இதுக்கு ஒரு விதியை முறையா வகுத்துக் கொடுத்துச்சு. கலெக்டர் காத்திருக்கற வரைக்கும் கிளார்க்குக்குக் கலெக்டரோட அந்தஸ்து. யாரும் அவரை எழுப்ப முடியாது. ரெஜிஸ்டரைக் கொடுத்ததும் அவர் பழையபடி கிளார்க். இவ்வளவுதான் ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வரும்னும் அவங்க கணக்குப் போட்டுக் காட்டினாங்க.

"இதெல்லாம் நிஜத்துல எங்கப்பா நடக்கும்?"னு தோணுதுல்ல?

1997 ஜூலை 4. நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்ல இறங்குச்சு. சில நாள்லயே அதோட கம்ப்யூட்டர் தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சது. ஒவ்வொரு தடவையும் அன்னைக்குச் செய்ய வேண்டிய மிச்ச வேலை தள்ளிப்போகும். பூமியில அதே மாதிரி கம்ப்யூட்டரை ஓடவிட்டு இன்ஜினியர்கள் தேடினாங்க. கிடைச்சது நம்ம ஆபீஸ் கதைதான்! வானிலைத் தகவல் சேகரிக்கற வேலைதான் கிளார்க். தகவல் போக்குவரத்தை நடத்தற வேலை கலெக்டர். நடுவுல புகுந்தது தகவல்தொடர்பு வேலை. கலெக்டர் நேரத்துக்கு வரலைன்னதும் காவலுக்கு இருந்த டைமர் மொத்த சிஸ்டத்தையும் ரீசெட் பண்ணிடுச்சு.

தீர்வு? அதுல ஓடின விஎக்ஸ்வொர்க்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் வசதி ஏற்கெனவே இருந்துச்சு. அந்தப் பூட்டுக்கு ஆன் பண்ணாம விட்டிருந்தாங்க. பூமியிலிருந்தே அதை ஆன் பண்ணாங்க. ரீசெட் நின்னுபோச்சு.

அதே வருஷம் டிசம்பர்ல நடந்த ரியல் டைம் சிஸ்டம்ஸ் மாநாட்டுல, விஎக்ஸ்வொர்க்ஸை உருவாக்கின நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். அந்தக் கட்டுரையை எழுதின மூணு பேரும் அதே அறையில உட்கார்ந்திருந்தாங்க. பேச்சு முடிஞ்சதும் அவங்களை எழுந்து நிக்கச் சொல்லி கௌரவிச்சாங்க.

ராஜ்குமார் அதோட நிக்கல. 2007-ல டார்பா நடத்தின தானியங்கி கார் போட்டியில ஜெயிச்ச 'பாஸ்' காரை உருவாக்கின கார்னகி மெலன் அணியில அவரும் இருந்தார். யோசிச்சுப் பாருங்க, கார் பிரேக்கும் லேட்டா வந்தா தப்பான முடிவுதான்.

எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்தின விஷயம் ஒண்ணு இருக்கு. விண்கலம் கிளம்பறதுக்கு முன்னாடி நடந்த சோதனையிலேயே அந்த ரீசெட் எட்டிப் பார்த்திருக்கு. மறுபடி வரவைக்க முடியல. "ஹார்டுவேர் கோளாறா இருக்கும்"னு விட்டுட்டாங்க. அதனால, அடுத்த முறை உங்க புரோகிராம்ல ஏதாவது ஒரே ஒரு தடவை வந்துட்டு மறைஞ்சா, "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்"னு விட்டுடாதீங்க. அது அப்படியே செவ்வாய் வரைக்கும் கூட வரலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.