ரப்பரும் மின்சாரமும்



சேலம், நாமக்கல் சமவெளியில் வளர்ந்தவர்க்கு இரண்டு பொருள்கள் இளமையிலேயே பழகிவிடும். ஒன்று, மேட்டுக்காட்டை உழும்போது கொழுவில் இடறும் வெங்கச்சங்கல். மற்றொன்று, லாரிப் பட்டறைகளில் குவிந்து கிடக்கும் ரப்பர். இவ்விரண்டுக்கும் உறவு உண்டென்பதை நான் நெடுங்காலம் அறிந்திலேன்.

நான் பௌதிகம் கற்பித்த நாளில், டயர் ரீட்ரெடிங் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, "ஐயா, மின்சாரத்தால் ரப்பரை அசைக்க முடியுமா?" என்று வினவினான். "ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அங்கே அதற்கு வேலை இல்லை. உட்கார்" என்றேன். வகுப்பு நகைத்தது. அவன் பின்னர் அவ்வாண்டு முழுதும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

தவறு என்னுடையது. எக்ஸ் கதிரைக் கண்ட ராண்ட்ஜன், அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1880-இல், ரப்பர்ப் பட்டை ஒன்றில் மின்னேற்றம் செய்து அது நீளுவதைக் கண்டிருந்தார்.

காரணம் எளிது. மெல்லிய ரப்பர்ப் படலத்தின் இருபுறமும் கரித்தூள் கலந்த பசையைத் தடவி, மின்னழுத்தம் கொடுக்கிறோம். நேர் மின்னேற்றம் ஒரு புறமும் எதிர் மின்னேற்றம் மறுபுறமும் திரண்டு, ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இடையில் அகப்பட்ட ரப்பர் நசுங்குகிறது. அதன் கனஅளவு மாறாதாகையால், தடிப்பில் குறைந்தது பரப்பில் விரிகிறது. மின்னேற்றத்தை நீக்கினால் பழைய நிலைக்கு மீள்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்துமானால் மின்னேற்றம் அங்கே தங்காது. நான் முடியாது என்பதற்குச் சொன்ன காரணமே, முடியும் என்பதற்குக் காரணம்!

இதற்கு ஏற்ற ரப்பர்களுள் ஒன்று சிலிக்கோன். வெங்கச்சங்கல்லில் உள்ள சிலிக்காவை மின்உலையில் கரியுடன் சுட்டால் சிலிக்கன் கிடைக்கும். அதனை மெதில் குளோரைடு வாயுவுடன், செம்பின் துணையால் சேர்க்கும் முறையை அமெரிக்கரான ராக்கோ 1940-இல் கண்டார். இறுதியில் கிடைப்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி. அது எளிதில் வளையும். குளிரிலும் வெப்பத்திலும் மென்மை கெடாது. அக்ரிலிக் படலம் இதைவிட மிகுதியாக விரியும். ஆனால் சோம்பலாக மீளும். முன்னரே இழுத்துக் கட்டிய இவ்விரு படலங்களும் இரு மடங்குக்கு மேல் நீளுவதை அமெரிக்காவில் பெல்ரைன் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இயந்திரக் கைக்குச் செயற்கைத் தசை செய்யலாம் என்ற நம்பிக்கை அதனால் வலுப்பட்டது.

இடையூறும் உண்டு. 50 மைக்ரான் தடிப்புள்ள சிலிக்கோன் படலத்துக்கு 2500 வோல்ட் கொடுத்தாலும் கிடைக்கும் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. (வீட்டில் முயல வேண்டா, உயிருக்கு ஆபத்து.) பேரியம் டைட்டனேட் தூளைக் கலந்தால் ஈர்ப்பு மிகும், ஆனால் படலம் விறைத்துப்போகும், எளிதில் துளைபடவும் கூடும். படலத்தை 5 மைக்ரானாக மெலிதாக்கினால் 250 வோல்ட்டே போதும். ஆயின், அதில் ஒரு தூசி விழுந்தாலும் மின்சாரம் அவ்விடத்தில் பொத்துக்கொண்டு பாயும்.

அந்த மாணவர் இன்று சொந்தமாகப் பட்டறை நடத்துகிறார். அண்மையில் அவரைத் தேடிச் சென்று, அன்று சொல்லத் தவறிய விடையை இவ்வாறே சொன்னேன். தூசியைப் பற்றிக் கூறியதும் அவர் சிரித்தார்.

"டயரும் அப்படித்தான் ஐயா. ஒட்டும்போது ஒரு பொட்டுத் தூசி இருந்தால், அங்கேதான் விடும்."