அடித்து எழுதிய சொல்!

(மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனினும், இம்மேடை ஏறியபோது என் கால் நடுங்கவில்லை, 'உனக்கென்ன தகுதி?' என்று என் உள்ளம் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை! ஆனால், பொறியியல் பட்டம் பெற்றுத் தொழிற்சாலையிலே பணியாற்றும் தங்கை ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அண்ணே! இந்த இடத்திற்கு நான் ஏற்றவள்தானா? 'நீ போலி' என்று என்றேனும் கண்டுபிடித்துவிடுவார்களோ என அஞ்சுகிறேன்."

பட்டம் பெறாதவனுக்குத் துணிவு, பெற்றவளுக்கு அச்சம்! விந்தையல்லவா இது?

இந்த அச்சத்தை 1978-ஆம் ஆண்டில் ஆராய்ந்து பெயரிட்டனர், பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் எனும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர். வெற்றி பெற்ற பெண்களே, 'இது என் திறமையால் வந்ததன்று' என மருகுவதைக் கண்டனர். சரி, நோய் எங்கே இருக்கிறது? அவள் உள்ளத்திலா? அவளைச் சூழ்ந்த உலகத்திலா?

கிண்டிப் பொறியியற் கல்லூரி பதில் கூறும்! சென்னையிலே பிறந்த லலிதா, பதினெட்டு வயதிலே கணவனை இழந்தார்; கையிலே கைக்குழந்தை. மூலையிலே முடங்கு என்றது அந்நாளைய வழக்கம். படி என்றார், அக்கல்லூரியிலே பேராசிரியராக இருந்த தந்தை. படித்தார், மின்பொறியியலில் தேறினார். பட்டச் சான்றிதழ் வந்தது. அதிலே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த சொல், 'அவன்'! அதை அடித்துவிட்டு, 'அவள்' என்று கையால் எழுதித் தந்தனர்.

பிழை யாருடையது? பாடம் படித்தவருடையதா, படிவம் அச்சிட்டவருடையதா?

அந்த லலிதாதான் பக்ரா நங்கல் அணையின் மின் அமைப்புப் பணியிலே பங்கு பெற்றார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். கல்லூரியிலே அவரைத் தொடர்ந்து திரேசியா, லீலாம்மா எனும் இருவர் சேர்ந்தனர். தனித்தவர் மூவரானார்! திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார்.

தோழர்களே! சான்றிதழிலே அடித்த அந்தச் சொல்லை, நெஞ்சிலே நாம் இன்னும் அடிக்கவில்லை! ஆண் தவறினால், 'மனிதன்தானே' என்கிறோம். பெண் தவறினால், 'பெண்தானே' என்கிறோம். இப்படிச் சொல்லிவிட்டு, 'தைரியமாக இரு, தங்கச்சி' என்று அறிவுரையும் வழங்குகிறோம்! அறிவுரை வேண்டாம்; பொறுப்பைக் கொடுங்கள். அவள் சொன்ன யோசனையை அவள் பெயரிலேயே எழுதுங்கள். ஒருத்தியைக் காட்சிப் பொருளாக நிறுத்தாமல், பக்கத்திலே இன்னும் இருவரை அமர்த்துங்கள்.

அதை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்! நம் கிளைக் கூட்டங்களிலே வரவேற்புரைக்கு ஒரு தங்கை, நன்றியுரைக்கு ஒரு தங்கை, தீர்மானம் முன்மொழிய? கணக்கு வழக்கைக் கையாள? அங்கெல்லாம் அண்ணன்மார்! சமத்துவம் பேசும் நாம் இதற்கு நாண வேண்டாமா?

அடுத்த கூட்டத்திலே தீர்மானத்தை அவள் முன்மொழியட்டும். நானும் வருவேன், மேடைக்கு அல்ல, எதிரே அமர்ந்து கேட்க!